கலிஃபோர்னியாவில் ஸ்பீடிங் டிக்கெட்: கோர்ட்டில் எதிர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஃபைன் எவ்வளவு வரும்?" அந்தத் தொகை பெரும்பாலும் டிக்கெட்டில் இருக்காது. கோர்ட் பிறகு தபாலில் அனுப்பும். அதைவிட முக்கியமான ஒன்று ஆபீசரின் கிறுக்கல் கையெழுத்தில் டிக்கெட்டிலேயே இருக்கிறது: வாகனச் சட்டத்தின் பிரிவு எண். அது 22350 என்றால் போராட நிறைய இடம் உண்டு. 22349 என்றால் இடம் குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் கோர்ட்டுக்குப் போய், "ரோடு காலியாக இருந்தது, யாருக்கும் ஆபத்தில்லை" என்று பொருந்தாத வழக்கில் வாதாடித் தோற்று வருபவர்கள்தான் அதிகம்.

இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்களுக்கு விதிகளே வேறு.

டிக்கெட் வாங்கும் நேரத்தில்

"எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?" என்று ஆபீசர் கேட்பார். மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் எண் எதையும் சொல்லாதீர்கள். "ஒரு 75 இருக்கும் சார்" என்று பணிவாகச் சொன்னால் விட்டுவிடுவார் என்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அந்த 75-ஐத் தன் பிரதியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து கோர்ட்டில் அதைப் படிப்பார்.

கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழி மட்டுமே. மறுத்தால் கைது செய்ய ஆபீசருக்கு அதிகாரம் உண்டு.

அன்றைக்கே, நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்: எந்தச் சாலை, எந்த லேன், முன்னாலும் பக்கத்திலும் என்ன வண்டிகள், வெயிலா மழையா, ஆபீசர் எங்கே நின்றிருந்தார், என்ன கருவி என்று சொன்னார். முடிந்தால் மறுநாள் அதே நேரத்தில் போய், பத்திரமாக நிறுத்திவிட்டு, சாலையையும் வேகப் பலகைகளையும் படம் எடுங்கள். மரக்கிளை மறைத்த பலகை, வளைவுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் பலகை எல்லாம் பிற்பாடு உதவும்.

டிக்கெட்டின் கீழே ஒரு தேதி இருக்கும். எல்லாக் கெடுவுக்கும் ஆரம்பம் அதுதான். கோர்ட்டிலிருந்து நினைவூட்டல் கடிதம் வரலாம், வராமலும் போகலாம். வரவில்லை என்பது சாக்கு ஆகாது. வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் லைசென்ஸ், வாகனப் பதிவு பார்க்கும் மாநிலத் துறையான டிஎம்வி-யில் முகவரியை மாற்றினீர்களா என்று பாருங்கள். சட்டப்படி அதற்குப் பத்து நாள்தான். தேதியைத் தவறவிட்டால் அபராதத்தின் மேல் 100 டாலர் வரை கூடுதலாக விழும், வழக்கும் பாக்கி வசூலிக்கும் ஏஜென்சியிடம், அதாவது கலெக்‌ஷனுக்குப் போகும்.

காரின் நிறம் தப்பு, பெயரில் ஓர் எழுத்து பிழை என்றெல்லாம் டிக்கெட் தள்ளுபடி ஆகாது. இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி வைத்திருக்கும் நம்மவர்களின் டிக்கெட்டில் பெயர் சரியாக இருந்தால்தான் ஆச்சரியம். அதற்கெல்லாம் திருத்த நோட்டீஸ் அனுப்பி ஆபீசர் சரி செய்துவிடலாம்.

பிரிவு எண் சொல்வது என்ன?

22350 என்பது அடிப்படை வேக விதி. இதில் எண்ணே கிடையாது. வானிலை, வெளிச்சம், போக்குவரத்து, சாலையின் பரப்பு, அகலம் ஆகியவற்றைப் பார்த்து நியாயமான, பாதுகாப்பான வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதுதான் விதி. நகரச் சாலைகளில் 30, 35, 40 என்று நிற்கும் பலகைகள் பெரும்பாலும் 'பிரைமா ஃபேசி' வரம்புகள். அதைத் தாண்டினால் பாதுகாப்பற்ற வேகம் என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அன்றைய நிலைமையில் அது பாதுகாப்பான வேகமே என்று நிரூபிக்க உங்களுக்கு 22351 இடம் தருகிறது.

22349(ஏ) என்பது 65 மைல் உச்சவரம்பு. 22349(பி) பிரிக்கப்படாத இருவழிச் சாலைகளில் 55. 70 அனுமதித்த ஃப்ரீவேக்கு 22356. இவை முற்றான வரம்புகள். ஐ-5 ஃப்ரீவேயில் 65 வரம்புள்ள பகுதியில் நடுநிசியில் தனியாகப் போனாலும் 66 என்றால் மீறல்தான், பாதுகாப்பு வாதம் செல்லாது. ஆபீசர் அளந்த விதம் தவறு, அல்லது வேறு வண்டியை அளந்துவிட்டு உங்களை நிறுத்தினார் என்பதுதான் மிச்சமிருக்கும் வாதம்.

22348(பி) என்றால் 100 மைலுக்கு மேல். லைசென்ஸ் பதிவில் ஏறும் குற்றப் புள்ளி, அதாவது பாயிண்ட், ஒன்றுக்குப் பதில் இரண்டு, முதல் தடவையே லைசென்ஸ் 30 நாள் வரை நிறுத்தப்படலாம். இந்த எண் இருந்தால் கட்டுரையை மூடிவிட்டு டிராஃபிக் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். கமர்ஷியல் லைசென்ஸ் வைத்து வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் அதே அறிவுரை.

எதிர்ப்பதா, டிராஃபிக் ஸ்கூலா?

வரம்பைவிட 1 முதல் 15 மைல் கூடுதல் என்றால் அடிப்படை அபராதம் 35 டாலர்தான். ஆனால் மாநிலக் கட்டணம், கவுண்டிக் கட்டணம், கோர்ட் கட்டிடக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறி 230, 240 டாலரில் வந்து நிற்கும். 16 முதல் 25 வரை அடிப்படை 70, 26-உம் அதற்கு மேலும் என்றால் 100. மொத்தத் தொகையும் அதற்கேற்ப ஏறி, கடைசிப் படியில் 500-ஐ நெருங்கும்.

உண்மையான செலவு அந்தப் பாயிண்ட். சாதாரண ஸ்பீடிங்குக்கு ஒரு பாயிண்ட், டிஎம்வி பதிவில் மூன்று ஆண்டுகள் இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பார்க்கும். ஒரே ஆண்டில் நான்கு பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து.

அந்தப் பாயிண்டை மறைக்க டிராஃபிக் ஸ்கூல் உண்டு. முந்தைய மீறல் தேதியிலிருந்து 18 மாதத்துக்கு ஒரு முறை, வரம்பைவிட 25 மைலுக்கு மேல் போகாமல் இருந்தால் கிடைக்கும். முழு அபராதத்தோடு கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். ஆன்லைனில் படித்துத் தேர்வு எழுதினால் பாயிண்ட் இன்சூரன்ஸ்காரர் கண்ணில் படாது.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். 101 ஃப்ரீவேயில் 80 போய் லைடாரில் (லேசர் வேகக் கருவி) மாட்டினீர்கள், 22349 எழுதியிருக்கிறது, ஸ்கூல் தகுதி இருக்கிறது என்றால் ஸ்கூலுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். நகரச் சாலையில் ரேடார் வைத்து 22350 எழுதியிருந்தால், அல்லது 18 மாதத்துக்குள் ஏற்கெனவே ஸ்கூல் போயிருந்தால், எதிர்த்துப் பார்க்காமல் பணம் கட்டுவது வீண். எதிர்த்துத் தோற்றாலும் நீதிபதியிடம் ஸ்கூல் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர் முடிவு. ஆனால் வழக்காடிய ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது.

பணக் கஷ்டம்தான் பிரச்சினை என்றால் அது வேறு பாதை. கோர்ட்டுகளின் 'மைசைட்டேஷன்ஸ்' இணையதளத்தில் வருமானத்தைக் காட்டி அபராதத்தைக் குறைக்கக் கேட்கலாம். அங்கே குற்றத்தை ஏற்றுக்கொண்டுதான் கேட்க வேண்டும். எதிர்க்க நினைப்பவர்களுக்கான இடம் அது இல்லை.

ரேடார் வழக்கின் உயிர்நாடி: சாலை ஆய்வு

பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. நகரச் சாலையில் 35 என்று பலகை நடுவதற்கு முன் நகராட்சி ஒரு பொறியியல் ஆய்வு நடத்த வேண்டும். அந்தச் சாலையில் இயல்பாகப் போகும் வண்டிகளின் வேகத்தை அளந்து, நூற்றில் 85 பேர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அதை அருகிலுள்ள ஐந்தின் மடங்குக்கு மாற்றுவார்கள். அது 43 என்றால் வரம்பு 45. விபத்து எண்ணிக்கை, பாதசாரிகள் போன்ற காரணங்களை எழுதி 40 ஆக்கலாம். 2021-இல் வந்த ஏபி 43 சட்டத்துக்குப் பிறகு சில சாலைகளில் இன்னும் ஐந்து குறைக்கலாம். காரணமே எழுதாமல் 35 என்று நட்டிருந்தால் அந்த வரம்பு ஆய்வால் நியாயப்படுத்தப்படவில்லை என்று வாதிடலாம்.

ஆய்வு இல்லாமலோ, காலாவதியான ஆய்வை வைத்துக்கொண்டோ ரேடார், லைடார் மூலம் பிடித்தால் அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'ஸ்பீட் ட்ராப்'. பிரிவு 40802. அப்படிக் கிடைத்த சாட்சியத்தை கோர்ட் ஏற்கக் கூடாது. அந்த ஆபீசர் வேகத்தைப் பற்றிச் சாட்சி சொல்லவே தகுதியற்றவர் ஆகிவிடுகிறார். இன்னும் இனிப்பான செய்தி: 40803-இன்படி, இது ட்ராப் இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பினுடையது.

ஆய்வின் ஆயுள் சாதாரணமாக ஐந்து ஆண்டு. ஆபீசர் 24 மணி நேர ரேடார் பயிற்சி முடித்து, கருவி கடந்த மூன்று ஆண்டுக்குள் சோதிக்கப்பட்டிருந்தால் ஏழு ஆண்டு. அதற்கு மேல், சாலையில் பெரிய மாற்றம் இல்லை என்று பொறியாளர் சான்று தந்தால் 14 ஆண்டு வரை நீளும்.

சின்னக் குடியிருப்புத் தெருக்களுக்கும் பள்ளி மண்டலத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 65 மைல் ஃப்ரீவே வரம்புக்கும் இல்லை, ஏனென்றால் அது பிரைமா ஃபேசி வரம்பே அல்ல. ஆபீசர் பின்னாலேயே வந்து தன் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து அளந்திருந்தால், அதாவது 'பேஸிங்' செய்திருந்தால், அதற்கும் பொருந்தாது.

ஆய்வை எங்கே வாங்குவது? நகராட்சியின் பொதுப்பணி அல்லது டிராஃபிக் இன்ஜினியரிங் பிரிவில். பல நகரங்கள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லையென்றால் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் ஒரு மின்னஞ்சல் போதும். தருவோமா மாட்டோமா என்று பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சாலைப் பெயர், எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எதுவரை என்று எழுதிக் கேளுங்கள். வந்ததும் மூன்றைப் பாருங்கள்: ஆய்வுத் தேதி, அந்த 85 சதவீத வேகம், வரம்பைக் குறைத்ததற்கு எழுதிய காரணம்.

கூடவே போலீஸ் துறைக்கும் மாவட்ட அட்டர்னி (அரசுத் தரப்பு வக்கீல்) அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, ஆபீசரின் குறிப்பு, கருவியின் சோதனைப் பதிவு, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். பல சமயம் பதில் வராது. அனுப்பியதற்கான சான்றை வைத்திருந்தால், பதில் வராததையே கோர்ட்டில் எழுப்பலாம்.

முதல் சுற்று: எழுத்து மூலம் விசாரணை

கலிஃபோர்னியா தரும் பெரிய வசதி இது. கோர்ட்டுக்குப் போகாமலே வாதத்தை எழுதி அனுப்பலாம். தோற்றால் அந்தத் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, நேரில் புத்தம் புதிதாக விசாரணை கேட்கலாம். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு வாய்ப்பு.

வேண்டிய ஃபார்ம் டிஆர்-205. கெடு தேதிக்கு முன் அதைப் பூர்த்தி செய்து, முழு அபராதத் தொகையையும் 'பெயில்' என்ற பெயரில் கட்டி, கவுண்டி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சில கவுண்டிகளில் ஆன்லைனிலேயே முடியும். ஜெயித்தால் பணம் திரும்ப வரும். முன்பணம் கட்ட முடியாதவர்கள் நேரில் ஆஜராகி 'நாட் கில்டி' சொல்லலாம். 2015 முதல் அந்த வழியில் போகிறவர்களிடம் முன்பணம் கேட்காமல் விசாரணைத் தேதி தருவதுதான் பொது விதி.

உங்கள் வாக்குமூலம் போனதும், கோர்ட் ஆபீசருக்கு டிஆர்-235 என்ற ஃபார்மை அனுப்பும். அவரும் எழுதி அனுப்ப வேண்டும். ரோந்து நடுவே இந்தக் காகித வேலை அவர்களுக்குப் பாரம்தான். சிலர் அனுப்பாமல் விடுகிறார்கள், அப்போது வழக்கு உங்கள் பக்கம் சாயும். அதை நம்பி அரைகுறையாக எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

என்ன எழுதுவது? ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. ஆங்கிலத்தில், உணர்ச்சிவசப்படாமல். முதல் பத்தியில் தேதி, இடம், பிரிவு எண், நான் குற்றவாளி அல்ல என்ற வரி. அடுத்து சட்ட வாதம்: இந்தச் சாலைக்கு நான் பெற்ற ஆய்வு இந்தத் தேதியிட்டது, 40802 சொல்லும் காலத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே ரேடார் சாட்சியத்தை ஏற்கக் கூடாது. அதன் பிறகே உண்மை நிலவரம்: காய்ந்த சாலை, நல்ல வெளிச்சம், முன்னால் வண்டி இல்லை, குறுக்கே யாரும் இல்லை. ஆய்வின் நகல், படங்கள், கையால் வரைந்த சாலை வரைபடம் ஆகியவற்றை எண்ணிட்டு இணையுங்கள்.

பாதுகாப்பான வேகம் என்று வாதிட்டால் மறைமுகமாக வேகத்தை ஒப்புக்கொள்கிறீர்கள். அது 22350-இல் மட்டும் ஏற்கத்தக்கது. 22349-இல் எழுதினால் ஆபீசருக்கு வேலை மிச்சம். பொய் எழுதவே கூடாது. பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடும் காகிதம் அது. கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ காத்திருப்பவர்கள் ஒரு 240 டாலருக்காக அந்த வம்பில் மாட்டக் கூடாது. "எல்லாரும் அதே வேகத்தில்தான் போனார்கள்", "அவசரமாகப் பிள்ளையைக் கூப்பிடப் போனேன்" என்பவையும் வேண்டாம். அவை மன்னிப்புக் கடிதத்துக்குச் சரி, வழக்குக்கு உதவாது.

சில மாதத்தில் தீர்ப்பு தபாலில் வரும். தோல்வி என்றால் சோர வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். தீர்ப்பு அனுப்பிய தேதியிலிருந்து 20 நாளுக்குள் டிஆர்-220 ஃபார்மை கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். உறை கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, அனுப்பிய நாளிலிருந்து. வார இறுதியும் சேர்த்துத்தான். இந்த மாதங்களில் ஊருக்குப் போவதாக இருந்தால், தபாலைத் திறந்து பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும்.

இரண்டாம் சுற்று: நேரில்

டிராஃபிக் கோர்ட்டில் ஜூரி கிடையாது, இலவச வக்கீல் கிடையாது, அரசு வக்கீலும் பெரும்பாலும் வரமாட்டார். ஆபீசரே தன் கதையைச் சொல்வார், நீங்கள் உங்கள் கதையைச் சொல்வீர்கள், நீதிபதி இடத்தில் உட்காரும் கோர்ட் கமிஷனர் ஒருவர் தீர்ப்பளிப்பார். சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் அளவுகோல்தான் இங்கேயும். ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கம் இருந்தால், முக்கியமாக ஊரிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட பெற்றோர் ஓட்டிய வண்டி என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், கட்டணம் இல்லை. முன்கூட்டியே கோர்ட்டுக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஸ்பானிஷ் போலத் தமிழுக்கு அங்கே ஆள் தயாராக நிற்பதில்லை.

சீக்கிரம் போங்கள். உள்ளே நுழைந்ததும் உங்கள் ஆபீசர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். விசாரணை தொடங்குமுன், "இப்போது ஒப்புக்கொண்டால் ஸ்கூல் தருகிறோம், அபராதம் குறையும்" என்று சில கோர்ட்டுகளில் பொதுவாக அறிவிப்பார்கள். ஆபீசர் வராத பட்சத்தில் அதற்குத் தலையாட்டாதீர்கள். சாட்சி இல்லாவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நீங்களே கேட்கலாம், பொதுவாகத் தள்ளுபடி ஆகும்.

வந்திருந்தால், அவர் முதலில் பேசுவார். தான் நின்ற இடம், கண்ணால் மதிப்பிட்ட வேகம், பிறகு ரேடார் காட்டிய எண் என்று மனப்பாடமாக ஒரு வரிசை இருக்கும். 22350 வழக்கில் அவர் வேகத்தைச் சொல்லும் முன்பே எழுந்து, ஸ்பீட் ட்ராப் இல்லை என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை, ஆய்வை முதலில் காட்டச் சொல்லுங்கள் என்று ஆட்சேபியுங்கள். கொண்டுவந்த ஆய்வை வாங்கித் தேதியையும் உங்கள் நகலையும் ஒப்பிடுங்கள்.

குறுக்கு விசாரணையில் நான்கைந்து கேள்வி போதும். கருவியை அன்று பணி தொடங்கும்போதும் முடியும்போதும் சோதித்தீர்களா? கடைசியாக ஆய்வகத்தில் சோதித்தது எப்போது? என் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்? அந்த நேரம் அலை விழும் பாதையில் வேறு வண்டி இருந்ததா? கடைசிக் கேள்வி ரேடாருக்குத்தான் பலன் தரும். ஆயிரம் அடியில் லைடார் கற்றையின் அகலம் மூன்று, நான்கு அடிதான். ரேடார் அலை அதே தூரத்தில் சாலையின் எல்லா லேனையும் விழுங்கிவிடும். பேஸிங் என்றால், எவ்வளவு தூரம் ஒரே இடைவெளியில் பின்தொடர்ந்தார், அவர் ஸ்பீடோமீட்டர் எப்போது சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டு அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தராதீர்கள்.

இணையத்தில் உலவும் 'கோணப் பிழை' வாதத்தை நம்பிப் போகாதீர்கள். சாலையோரம் நிறுத்திய ரேடார் சாய்வாகப் பார்த்தால் உண்மையைவிடக் குறைந்த வேகத்தைத்தான் காட்டும். அதைச் சொன்னால் ஆபீசரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்.

பிறகு உங்கள் முறை. ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். படங்களில் ஒரு நகல் கோர்ட்டுக்கு, ஒன்று ஆபீசருக்கு, ஒன்று உங்களுக்கு.

தோற்றால், ஸ்கூல் தகுதி இருந்தால் அங்கேயே கேளுங்கள், தவணையும் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு 30 நாள், சுப்பீரியர் கோர்ட்டின் மேல்முறையீட்டுப் பிரிவில். புதிய சாட்சியம் எடுக்க மாட்டார்கள். சட்டப் பிழை நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆய்வு இல்லாமலே ரேடார் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பது போன்ற தெளிவான பிழை இருந்தால் ஒழிய அந்த அலைச்சல் தேவையில்லை.

குடியுரிமை விண்ணப்பமான என்-400 நிரப்பும்போது டிக்கெட்டைப் பற்றிய கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுத வேண்டும். கைது இல்லை, மது சம்பந்தமில்லை, அபராதம் 500 டாலருக்குள் என்றால் பொதுவாக ஆவணம் இணைக்கத் தேவையில்லை. ஆனாலும் வழக்கு முடிந்த தாளை ஒரு கோப்பில் வையுங்கள். பத்து வருடம் கழித்து கோர்ட்டில் தேடி எடுப்பது லேசான காரியமில்லை.

கேமரா அனுப்பிய டிக்கெட் என்றால்

ஏபி 645 சட்டப்படி சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், சான் ஹோசே, லாஸ் ஏஞ்சல்ஸ், க்ளெண்டேல், லாங் பீச் நகரங்களுக்கு வேகக் கேமரா வைக்க அனுமதி கிடைத்தது; முதலில் தொடங்கியது சான் பிரான்சிஸ்கோ, 2025-இல். இது குற்ற வழக்கே இல்லை, சிவில் அபராதம். வரம்புக்கு மேல் 11 முதல் 15 மைல் வரை 50 டாலர், 25 வரை 100, அதற்கு மேல் 200. வேகம் 100 மைலைத் தொட்டால் 500. பாயிண்ட் கிடையாது, நோட்டீஸ் வண்டியின் உரிமையாளருக்குப் போகும். மேலே சொன்ன டிஆர் ஃபார்ம்கள் எதுவும் இதற்குச் செல்லாது. எதிர்க்க வேண்டுமானால் நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்த நகரத்திடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும்; அதிலும் தோற்றால் நிர்வாக விசாரணை, அதன் பிறகே கோர்ட்.